பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன நாய் கடித்தால் யார் பொறுப்பு?

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், ஒரே வீட்டைப் பகிர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த மூன்று பெண்களில் ஒருவர், வலது கையில் பெரிய கட்டுடன் வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வந்தார். உடன் தங்கியிருந்த தோழி பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தன் மூன்று வயது லாப்ரடார் நாயை இவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றிருக்கிறார். இரண்டாம் நாள் மாலை, நாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தக் குனிந்தபோது அது கையைக் கவ்விவிட்டது. இரண்டு விரல்களின் தசைநாண்கள் அறுந்து அறுவை சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. ஒன்றரை மாதம் அவரால் கணினியில் தட்டச்சு செய்ய முடியவில்லை. அதில் பெரும்பகுதி சம்பளமில்லா விடுப்பு. அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "மேடம், அவ என் ஃபிரெண்ட். கேஸ் எல்லாம் வேண்டாம். ஆனா இந்தச் செலவு யாரைச் சேரும்னு மட்டும் சொல்லுங்க." அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவர் கேட்ட கேள்வியை மாற்றவில்லை.

வீட்டைப் பகிர்ந்துகொள்பவர்களிடையே இந்தக் கேள்வி எழும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது நாய் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று நினைக்கிறார்கள். உரிமம் ஒரு சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் சட்டம் அதைவிட முக்கியமாக வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. சம்பவத்தின்போது நாய் யார் கட்டுப்பாட்டில் இருந்தது? அது கடிக்கக்கூடியது என்பது யாருக்கு முன்பே தெரிந்திருந்தது? என் கட்சிக்காரர் விஷயத்தில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இரண்டு வெவ்வேறு நபர்களைக் காட்டியது. நாய் இவர் பொறுப்பில் இருந்தது, அதன் குணமோ தோழிக்குத்தான் தெரிந்திருந்தது. "உன் பொறுப்பில் இருந்தபோதுதானே கடித்தது, நான் ஊரிலேயே இல்லையே" என்று தோழி சொன்னதும் இவர் வாயடைத்துப்போயிருக்கிறார்.

அந்த வாதம் பார்வைக்கு வலுவாகத் தெரிந்தாலும் நிற்காது. அதற்கான விடை ஓர் எதிர்பாராத இடத்தில், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் தன் அசையும் பொருளை ஒரு நோக்கத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை அந்தச் சட்டம் ஒப்படைப்பு என்கிறது. செல்லப்பிராணி நமக்குக் குடும்பத்தில் ஒருவராக இருக்கலாம்; சட்டத்தின் கண்ணில் அதுவும் உடைமைதான். இச்சட்டத்தின் 150-ஆம் பிரிவு, ஒப்படைக்கப்படும் பொருளில் உள்ள குறை ஒப்படைப்பவருக்குத் தெரிந்திருந்து, பெற்றுக்கொள்பவருக்கு அதனால் ஆபத்து நேரக்கூடும் என்றால் அதைச் சொல்லியாகவேண்டும் என்கிறது; சொல்லாமல் விட்டால், அந்தக் குறையிலிருந்து நேரடியாக விளையும் கேட்டுக்கு ஒப்படைத்தவரே பொறுப்பு. சட்டத்தை இயற்றியவர்கள் இதற்குத் தந்திருக்கும் எடுத்துக்காட்டும் ஒரு விலங்கைப் பற்றியதே. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் ஒருவர் மற்றொருவருக்கு இரவல் கொடுக்கிறார். குதிரை தறிகெட்டு ஓடி, ஏறியவரைக் கீழே தள்ளிக் காயப்படுத்துகிறது. குதிரையைக் கொடுத்தவர் இழப்பீடு தரவேண்டும். 150 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த வரியில் குதிரைக்குப் பதில் லாப்ரடாரை வைத்தால் என் கட்சிக்காரரின் வழக்கு அப்படியே வந்துவிடுகிறது. இதைப் படித்துக் காட்டியபோதுதான் அவர் முகத்தில் குற்றவுணர்வு கொஞ்சம் குறைந்தது. (அதே சட்டத்தின் 158-ஆம் பிரிவின்படி, கூலி வாங்காமல் பார்த்துக்கொள்பவர் அதற்காகச் செய்த அவசியச் செலவுகளையும் உரிமையாளர் திருப்பித் தரவேண்டும் என்பதை, தோழியின் நாய்க்குத் தன் பணத்தில் தீனி வாங்கிக்கொண்டிருக்கும் பலரும் அறிவதில்லை.)

ஒப்படைப்பு எதுவும் இல்லாமல், உரிமையாளர் வீட்டில் இருக்கும்போதே நாய் உடன் தங்கியிருப்பவரைக் கடித்தால் தீங்கியல் சட்டத்துக்கு, அதாவது ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோதும் ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் நெறிகளுக்குப் போகவேண்டும். இந்தியாவில் இதற்கெனத் தொகுக்கப்பட்ட சட்டம் இல்லை. பெரும்பாலும் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழியாக வந்த நெறிகளைக் கொண்டே நீதிமன்றங்கள் தீர்ப்பளிக்கின்றன. சிங்கம், கரடி போன்றவற்றை வைத்திருப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. நாய் போன்ற வீட்டு விலங்காக இருந்தால், அந்தக் குறிப்பிட்ட நாய்க்குக் கடிக்கும் குணம் உண்டு என்று வைத்திருப்பவருக்குத் தெரிந்திருந்ததா என்று பார்ப்பார்கள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, முதல் கடிக்கு யாரும் பொறுப்பில்லை என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது சரியில்லை. முன்பு கடித்ததே இல்லை என்றாலும், சூழ்நிலைக்கு ஏற்ற கவனத்தை உரிமையாளர் எடுத்துக்கொள்ளவில்லை என்று காட்ட முடிந்தால் கவனக்குறைவின் அடிப்படையில் இழப்பீடு கேட்கலாம். குட்டி போட்ட நாயின் அருகே விருந்தினரை விடுவதும், காயம்பட்டு வலியில் இருக்கும் நாயைக் கட்டாமல் கூடத்தில் உலவ விடுவதும் அப்படிப்பட்டவை.

"நாய் இருக்கிற வீடு என்று தெரிந்துதானே குடிவந்தாய்?" என்பது அடுத்த வாதம். ஆபத்தை அறிந்திருப்பது வேறு, அந்த ஆபத்தைத் தானாக ஏற்றுக்கொள்வது வேறு. நாய் இருப்பதை அறிந்து வாடகையில் பங்கு கொடுத்தவர், கடிபடுவதற்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார். ஆனால் எச்சரித்த பிறகும் தட்டைப் பிடுங்கி விளையாடியவர், தூங்கும் நாயைச் சீண்டியவர் ஆகியோரின் தவறுக்கு ஏற்ப இழப்பீட்டில் ஒரு பங்கு குறையும்.

ஆகவே வழக்கு பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தில் வந்து நிற்கும்: உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்பதை எப்படி நிரூபிப்பது? வீட்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி வீட்டிலிருப்பவர்கள்தான், அவர்களுக்கோ இருவருமே வேண்டியவர்கள். என் கட்சிக்காரருக்குக் கைகொடுத்தது மூன்றாவது தோழியின் கைப்பேசி. அவர் முந்தைய வீட்டிலும் நாயின் உரிமையாளருடன் தங்கியிருந்தவர். அந்த வீட்டின் வாட்ஸ்அப் குழுவில் உரிமையாளரே, "சாப்பிடும்போது கிட்ட போகாதீங்க, போன மாசம் அண்ணன் கையைக் கடிச்சிடுச்சு" என்று எழுதியிருந்தார். பொங்கலுக்கு முன் எங்கள் கட்சிக்காரருக்கு அனுப்பிய நீளமான குறிப்பில் தீனியின் அளவு, நடைக்கு அழைத்துச் செல்லும் நேரம், பூச்சி மருந்து எல்லாம் இருந்தன. சாப்பிடும்போது கடிக்கும் என்ற எச்சரிக்கை மட்டும் அதில் இல்லை. வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் கருதவில்லை. அவருக்குப் பழகிப்போன ஒன்று, சொல்லவேண்டியது என்றே தோன்றியிருக்காது. சட்டம் அந்த மனநிலையைக் கேட்பதில்லை. தெரியுமா, சொன்னாரா என்பதை மட்டும் கேட்கிறது.

இப்படிப்பட்ட செய்திகளைத் திரைப்பதிவு எடுத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் வேண்டும். அசல் செய்தி உள்ள கைப்பேசியை விற்காமலும் அழிக்காமலும் பாதுகாத்து வையுங்கள்.

மருத்துவ ஆவணங்கள் அதைவிட அவசரமானவை. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அநேகமாக இல்லை. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலில் போடப்படும் முறையில் முதல் நாளைத் தொடர்ந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட்டுக்கொள்ளவேண்டும். கடித்தது எந்த நாய், எங்கே, எப்போது என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது நாங்கள் ஏ.ஆர். காப்பி என்பதைக் கேட்டு வாங்குங்கள். தோழியைக் காப்பாற்றுவதாக நினைத்து "தெரு நாய் கடித்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. அந்த ஒரு வரி எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் போதும்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு விஷயங்களைச் சொல்வேன். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இங்கே "வசமுள்ள" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாயை நட்புக்காகப் பார்த்துக்கொள்ளும்போது, அது மாடிப்படியில் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்தால், வழக்கில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கலாம். இரண்டாவது, அபராதம் அரசுக்குப் போகுமே தவிரக் காயம்பட்டவரின் மருத்துவச் செலவு அதில் தீராது. அந்தக் குற்றம் சமரசத்துக்கு உரியதும் அல்ல. நட்பு திரும்பிவிட்டது, வழக்கை வாபஸ் வாங்குகிறோம் என்று வந்தால், ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கும். கொடிய தாக்குதலாக இருந்தால் புகார் கொடுக்கத் தயங்கவே கூடாது. தட்டை நகர்த்தியபோது நேர்ந்த கடிக்கு நான் அதை முதல் வழியாகச் சொல்வதில்லை.

வேறொரு வேண்டுகோளும் உண்டு. பயத்திலோ கோபத்திலோ நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தகுந்த காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அதோடு, கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது கடிபட்டவரின் சிகிச்சைக்கே தேவை. அட்வான்ஸ் தொகையில் எதிராளியின் பங்கை நீங்களாகவே பிடித்து வைத்துக்கொள்வதும் வேண்டாம். அதிலிருந்து இன்னொரு வழக்கு முளைக்கும்.

என் கட்சிக்காரர் நோட்டீஸ் அனுப்பக்கூடத் தயங்கினார். ஆகவே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்கு தொடுப்பதற்கு முந்தைய நிலையிலேயே மனு கொடுத்தோம். அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பெறும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது, அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. இரண்டாவது அமர்வில் தோழி அறுவை சிகிச்சைச் செலவு முழுவதையும், சம்பள இழப்பில் பாதியையும் ஆறு தவணைகளில் தர ஒப்புக்கொண்டார். கையெழுத்துப் போடும் முன் என் கட்சிக்காரர் இன்னும் ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னார். அது பணத்தைப் பற்றியதல்ல. அந்த நாயை இனி யாரிடம் விட்டுச் சென்றாலும், சாப்பிடும் நேரத்தில் அது கடிக்கும் என்பதை எழுத்தில் தெரிவித்துவிட்டே செல்லவேண்டும் என்பதுதான் அது. தோழி அந்த வரியைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.