திருப்பி வைக்கப் போனபோது பிடிபட்ட பையன்

அப்பாவின் அலுவலகத்திலிருந்து ஒரு டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறான் பையன். யாரும் பார்க்கவில்லை. விற்கப் பார்க்கிறான், முடியவில்லை. பயம் வந்துவிடுகிறது. எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று திரும்பிப் போகும்போதுதான் காவலாளியிடம் மாட்டுகிறான். ஃபிரான்சுவா த்ரூஃபோ எடுத்து 1959இல் வெளிவந்த ‘தி 400 ப்ளோஸ்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் இப்படி ஒரு கட்டம் வரும். பாரிஸில் ஒரு நெருக்கடியான வீடு. அம்மா, வளர்ப்பு அப்பா, பதின்பருவத்தைத் தொடும் மகன் அந்துவான். கதவை ஒட்டிய நடையில்தான் அவனுக்குப் படுக்கை. இரவு நேரம் கழித்து வரும் அம்மா அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. பெற்றோரிடம் பேசும்போது இந்தப் படத்தை அடிக்கடி இழுப்பேன். “வாயைத் திறந்தாலே பொய் மேடம், இப்ப பர்ஸ்லயும் கை வைக்கிறான்” என்று வருபவர்கள் பொய்களைக் கணக்குப்பிள்ளை மாதிரி தேதிவாரியாக ஒப்பிப்பார்கள். சரி, அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், “வீட்ல ஒண்ணும் இல்லையே, எல்லாம் நார்மல்தான்” என்று பதில் வரும். கொஞ்ச நேரம் கழித்து, போகிற போக்கில், “இவருக்கு வேலை போச்சு, அதுல எங்களுக்குள்ள கொஞ்சம் சத்தம்... ஆனா அதெல்லாம் அவனுக்குத் தெரியாது” என்பார்கள். நடையில் படுத்திருக்கிற பிள்ளைக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? அந்துவான் கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். தன் பெயரைக் கொடுத்து இவனை வளர்ப்பதாக வளர்ப்பு அப்பா சொல்லிக்காட்டுவது உட்பட.

படத்தின் மிகப் பெரிய பொய்யை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் நண்பனோடு பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறான். அப்போது நடுத்தெருவில் அம்மா வேறொரு ஆணை முத்தமிடுவதைப் பார்த்துவிடுகிறான். அவளும் அவனைப் பார்த்துவிடுகிறாள். மறுநாள் பள்ளியில் லீவுக்குக் காரணம் கேட்கிறார் வாத்தியார். பையன் சொல்கிறான்: அம்மா செத்துப்போய்விட்டாள். முந்தைய நாளை மறந்துவிட்டுப் பார்த்தால் இது வெறும் திமிர். அதையும் சேர்த்துப் பார்த்தால், தாங்க முடியாத ஒன்றைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த வாக்கியம் இது என்று புரியும். படத்தில் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பெற்றோர் பள்ளிக்கே வந்து நிற்கிறார்கள். வளர்ப்பு அப்பா வகுப்பு முழுக்கப் பார்க்க அவனை அறைகிறார். அன்றிரவு பையன் வீடு திரும்பவில்லை. பாட்டில் பாலைத் திருடிக் குடித்து, தெருவிலேயே விடிய வைக்கிறான்.

எட்டு, பத்து வயதுக்குமேல் பொய் சொல்லாத பிள்ளை எங்கும் கிடையாது. அதனால் ஒரு பொய்யைக் கேட்டதும் பதறத் தேவையில்லை. அந்தப் பொய் எதை மறைக்கிறது, எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறது என்பதுதான் எனக்குப் பயன்படும் தகவல். அடிக்குப் பயந்து சொல்லும் பொய் ஒரு வகை. இல்லாத பெருமையைக் காட்டச் சொல்வது இன்னொரு வகை. வீட்டு ரகசியத்தைச் சுமக்கிற பிள்ளை சொல்லும் பொய்தான் ஆளைக் குழப்பும். ஏனென்றால் அதில் லாபக்கணக்கே இருக்காது.

அந்துவான் தெருவில் கழித்த இரவுக்குப் பிறகு வரும் காட்சியைப் பெற்றோர்களிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். அம்மா திடீரென்று பாசமாகிறாள். குளிப்பாட்டுகிறாள், தன் கட்டிலிலேயே படுக்க வைக்கிறாள், தன் சின்ன வயதுக் கதை சொல்கிறாள். பள்ளியில் அடுத்த பிரெஞ்சுக் கட்டுரையில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் ஆயிரம் ஃபிராங்க் தருவதாகவும் சொல்கிறாள், அப்பாவிடம் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. பார்க்க இதமான காட்சிதான். ஆனால் தெருவில் பார்த்ததை அவன் வெளியே சொல்லிவிடாமல் இருக்கக் கொடுக்கப்படும் விலை அது என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். “அப்பாகிட்ட சொல்லாத, உனக்கு சைக்கிள் வாங்கித் தரேன்” என்று ஒரு வீட்டில் ஆரம்பித்தால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது விசுவாசத்தை அல்ல, பேரத்தை.

பணத்துக்காக மட்டுமல்ல, பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கின் மேல் உண்மையான பக்தியோடும்தான் அந்துவான் அந்தக் கட்டுரையை எழுதுகிறான். படித்தது அப்படியே மனதில் நிற்க, காப்பி அடித்ததாகச் சொல்லி வகுப்பிலிருந்து துரத்துகிறார்கள். அப்புறம் டைப்ரைட்டர், போலீஸ். அவனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போவதே வளர்ப்பு அப்பாதான். பெரியவர்களோடு ஒரு இரவு லாக்கப். நீதிபதி முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா, அவனை அனுப்பும் கூர்நோக்கு இல்லம் கடற்கரைப் பக்கமாக இருந்தால் தேவலை என்று கேட்கிறாள்.

இவர்களை அரக்கர்கள் என்று சொல்லிவிட முடியாது. நடுவில் மூவருமாகச் சினிமா பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பும் ஓர் இரவும் படத்தில் உண்டு. வளர்ப்பு அப்பா ஜோக் அடிக்கிற ஆள். என்னிடம் வருகிற பெற்றோரில் பெரும்பாலானவர்களும் இப்படித்தான்: களைத்தவர்கள், கெட்டவர்கள் அல்லர்.

கூர்நோக்கு இல்லத்தில்தான் ஓர் உளவியலாளர் அவனிடம் கேள்வி கேட்கிறார். அவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். குரல் மட்டும் வரும். அந்துவானாக நடித்த ழான் பியேர் லெயோவுக்குப் பதில்களை எழுதிக் கொடுக்காமல், பெரும்பாலும் சொந்தமாகப் பேசவிட்டார் த்ரூஃபோ. தோளைக் குலுக்கி, மேசையில் கையை அளைந்துகொண்டு அவன் சொல்கிறான்: உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், அதற்குப் பொய்யே தேவலை. பாட்டியிடம் பணம் எடுத்ததையும், அம்மா தன்னைக் கருவிலேயே கலைக்க நினைத்ததையும், பாட்டியால்தான் பிறந்ததையும் அதே குரலில் சொல்லிவிடுகிறான். கேள்வி கேட்கும் அந்த உளவியலாளரின் குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதட்டல் இல்லை, அறிவுரையும் இல்லை. அதனால்தான் பேசுகிறான். நல்ல ஆலோசனை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சில நிமிடங்களைக் காட்டினாலே போதும். கொடுமை என்னவென்றால், இதற்கு அவன் கைதாக வேண்டியிருந்தது.

த்ரூஃபோவின் சொந்தக் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1932இல் பிறந்த அவர் சிறு வயதில் பாட்டியிடம் வளர்ந்தவர். 1948இல் வளர்ப்புத் தந்தையே போலீஸில் ஒப்படைக்க, த்ரூஃபோ பாரிஸை ஒட்டிய வில்ஜுயிஃபில் இருந்த சிறார் இல்லத்துக்குப் போனார். கைகொடுத்தவர் சினிமா விமர்சகர் ஆந்த்ரே பஸான். படப்பிடிப்பு ஆரம்பித்த நேரத்தில், 1958 நவம்பரில், பஸான் இறந்துபோனார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

படத்தைப் பெற்றோர் முதலில் தனியாகப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கான படம் இல்லை. பதின்வயதுப் பிள்ளையோடு பார்ப்பதென்றால், முடிந்ததும் “பார்த்தியா, பொய் சொன்னா என்ன ஆகுதுன்னு” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

திரும்பத் திரும்பத் திருடுவது, வீட்டை விட்டுப் போவது, தன்னையோ விலங்குகளையோ காயப்படுத்துவது, பள்ளி என்றாலே ஒளிந்துகொள்வது — இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098ஐ அழைக்கலாம். ஆலோசனைக்கு வரும்போது பிள்ளை செய்த தப்புகளின் பட்டியலோடு, அதே நாட்களில் வீட்டில் நடந்தவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். “இது அவனுக்குத் தெரியாது” என்று நீங்கள் நினைப்பவற்றை முதலில் எழுதுங்கள்.