மோர்கன் டாலர்: ஆண்டு மட்டும் விலை சொல்லாது

அமெரிக்கா 1878 முதல் 1904 வரையிலும், மறுபடி 1921இலும் அச்சடித்த வெள்ளி டாலருக்கு, அதை வடிவமைத்த ஜார்ஜ் மோர்கனின் பெயரே நிலைத்துவிட்டது. கையில் ஒன்று கிடைத்தால் முதலில் எடை போடுங்கள். அசல் நாணயம் 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். தேய்மானமே தெரியாத நாணயம் 25 கிராம் காட்டினால் அது போலிதான்.

எடை சரியாக இருந்தாலும் அடர்த்தி காட்டிக்கொடுக்கும். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக விடுங்கள். அது விலக்கிய நீரின் எடையாகத் தராசு 2.6 கிராமை ஒட்டிக் காட்டவேண்டும். பித்தளைப் போலி 3 கிராமைத் தாண்டும். நாணயத்தில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் அசலும் கூடுதலாகக் காட்டும். நூலை மெல்ல அசைத்து உதறிவிடுங்கள்.

அடுத்தது மின்ட் மார்க், அதாவது நாணயம் எந்த ஆலையில் அடிக்கப்பட்டது என்று காட்டும் எழுத்து. பின்பக்கத்தில் மலர்வளையத்துக்குக் கீழே, 'டாலர்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு மேலே பாருங்கள். 'சிசி' என்றால் கார்சன் சிட்டி, 'எஸ்' சான் பிரான்சிஸ்கோ, 'ஓ' நியூ ஆர்லியன்ஸ், 'டி' (D) டென்வர் (1921 மட்டும்). ஒன்றுமே இல்லையென்றால் பிலடெல்பியா. 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தவை 1,00,000 மட்டுமே. நன்றாகத் தேய்ந்ததுகூட ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். அதனால்தான் சாதாரண 1893 நாணயத்தில் 'எஸ்' ஒட்டி ஏமாற்றுகிறார்கள். லென்ஸ் வைத்து, முன்பக்கத்துப் பெண்ணின் தலைப்பட்டையில் உள்ள 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி' (T) எழுத்தைப் பாருங்கள்: அசலில் அதன் உச்சியில் சாய்வாக ஒரு நுண்கோடு புடைத்திருக்கும். மிகவும் தேய்ந்ததில் அது மறைந்திருக்கலாம்.

அச்சடித்த எண்ணிக்கையை அப்படியே நம்பவும் கூடாது. 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. எந்த ஆண்டு நாணயம் எவ்வளவு போனது என்பதற்குக் கணக்கில்லை. 1903 'ஓ' பெரும் அபூர்வம் என்று கருதப்பட்டது. 1962இல் அரசுக் கருவூலத்திலிருந்து மூட்டை மூட்டையாக அது வெளிவந்ததும் விலை சரிந்தது.

இனி மேற்பரப்பு, விலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. 1884 'எஸ்' தேய்ந்த நிலையில் மலிவு. புழங்காததோ பெரும் விலை. அச்சு இறங்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத வரிகளை விட்டுச்செல்கிறது. விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போல் சுழல்வது இந்த வரிகளால்தான். சோடா உப்போ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் வரிகளின் முகடு மழுங்கும். பளபளப்பு இருக்கும், சுழலும் ஒளி இருக்காது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள். பிவிசி உறையில் கிடந்து பச்சைப் பிசுக்கு படிந்திருந்தால் மட்டும், நெருப்புக்குத் தள்ளிக் காற்றோட்டமான இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி ஊறவைத்து, துடைக்காமல் உலர விடுங்கள்.

தேய்ந்த 1921 போன்ற சாதாரண நாணயத்துக்குக் கணக்கு எளிது: அதிலுள்ள வெள்ளி சுமார் 24 கிராம். அன்றன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதே அடிப்படை விலை.