சிவந்த கண்ணும் அலுமாரியில் மிஞ்சிய துளிமருந்தும்

காலபோக அறுவடை நேரம் வன்னியில் கண் சிவந்து வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "என்ன மருந்து விட்டீங்கள்?" என்பதுதான். அயல்வீட்டில் மிஞ்சியதை வாங்கி விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். போத்தலில் டெக்சாமெதசோன், பெற்றாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று இருந்தால் அது ஸ்டீரொயிட், அதாவது அழற்சியை அடக்கும் மருந்து. சிவப்பு வடிந்துவிடும். உள்ளே வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்.

ஊரோடு பரவும் கண்நோய் பெரும்பாலும் அடினோவைரசால் வருவது. ஒரு கண்ணில் தொடங்கிச் சில நாளில் மற்றதற்கும் தாவும். தண்ணீராய் ஒழுகும், மணல் விழுந்ததுபோல் உறுத்தும், காதுக்கு முன்னால் நெறி கட்டும். இதற்கு அன்ரிபயோட்டிக் உதவாது. ஆறவைத்த கொதிநீரில் நனைத்த சுத்தமான துணியை ஒற்றினால் போதும், 2 – 3 வாரத்தில் மாறும். தாய்ப்பால் விட வேண்டாம். காய்ந்த இடத்திலும் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே துவாயும் தலையணை உறையும் தனித்தனி, கைக்குச் சவர்க்காரம். கண் ஒழுகும்வரை பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள்.

பயப்பட வேண்டியது ஹேர்பீஸ். உதட்டில் கொப்புளம் போடும் அதே வைரஸ்தான். வழக்கமாக ஒரு கண்ணில் மட்டும் வரும்; வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். கருவிழியின் உணர்வை இது மழுங்கடிப்பதால் நோவு குறைவாக இருக்கலாம். நோவில்லையே என்று வீட்டில் இருந்துவிடுவது இதனால்தான் ஆபத்து. கண்ணை மரக்கச் செய்யும் விறைப்பு மருந்து விடுமுன் டொக்டர் பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு புளோரசீன் சாயம் இட்டு நீல ஒளியில் பார்த்தால், மரக்கிளைபோல் கிளைத்த புண் பச்சையாய் ஒளிரும்.

இந்தப் புண்ணுக்கு, வைரசை அடக்கும் அசைக்ளோவிர் 3% களிம்பைக் கீழிமைக்குள் 1 சென்ரிமீற்றர் அளவு, நாளுக்கு 5 தடவை வைக்க வேண்டும். புண் ஆறிய பின்னும் குறைந்தது 3 நாள் தொடர வேண்டும். சிவப்புப் போனதும் நிறுத்துவதே வழக்கமான பிழை. இந்தப் புண்ணில் ஸ்டீரொயிட் பட்டால் கிளைகள் ஒன்றுசேர்ந்து அகன்று, கருவிழியில் நிரந்தரத் தழும்பு விழலாம். நெல் கீறிப் பூஞ்சை பிடித்த கண்ணையும் ஸ்டீரொயிட் அப்படியே கெடுக்கும்.

நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அக்கி (சின்னம்மை வைரஸ் மீண்டும் கிளம்பிப் போடும் கொப்புளம்) போட்டால் 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அசைக்ளோவிர் குளிசை 800 மில்லிகிராம், நாளுக்கு 5 தடவை, 7 நாள். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். அதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறும்போது, இதுவரை விட்ட துளிமருந்துப் போத்தலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.