கருவைத் தொடாமலே தாக்கும் கொரோனா

கர்ப்பிணிக்குக் கொரோனா என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, குழந்தைக்கும் தொற்றிவிடுமா என்பதுதான். பெரும்பாலும் தொற்றாது. வைரஸ் அதிகமும் மூச்சுப்பாதையிலேயே தங்கிவிடுகிறது, இரத்தத்தில் கலப்பது குறைவு. நஞ்சுக்கொடியும் அதற்கு எளிதில் வழிவிடுவதில்லை.

இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிட முடியாது. ஆபத்து அந்த நஞ்சுக்கொடியிலேயே இருக்கிறது. அதன் நுண்ணிய கிளைகள் தாயின் இரத்தத்தில் மூழ்கியபடி ஆக்சிஜனையும் சத்தையும் குழந்தைக்கு எடுத்துத் தருகின்றன. சிலருக்கு வைரஸ் இந்தக் கிளைகளின் மேலுறைச் செல்களைத் தாக்குகிறது. செல்கள் மடிகின்றன, அழற்சி பரவுகிறது, இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் சுற்றிலும் படிகிறது. வண்டல் சேர்ந்த வாய்க்கால்போல நஞ்சுக்கொடி அடைபட்டுப்போகிறது. வைரஸ் தன் உடலுக்குள் வராமலே, ஆக்சிஜன் கிடைக்காமல் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடலாம்.

2021 தொடக்கத்தில், கொரோனாவின் ஆல்ஃபா திரிபு பரவியபோது, அயர்லாந்து மருத்துவர்கள் இதை அடுத்தடுத்துக் கண்டார்கள். தாய்க்கு நோய் லேசாக இருந்தபோதும் இது நேரலாம் என்பதுதான் கொடுமை. அமெரிக்காவில் டெல்டா திரிபு பரவிய காலத்தில், தொற்றோடு பிரசவித்தவர்களில் 2.70 சதவீதம் பேருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. தொற்றில்லாதவர்களில் அது 0.63 சதவீதம். கொரோனா வந்த கர்ப்பிணிக்குக் குழந்தையின் அசைவு குறைந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாய்க்கும் சுமை கூடுதல். வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. ஆக்சிஜன் தேவையோ அதிகம். கர்ப்பத்தில் இரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும், கொரோனாவும் அதையே தூண்டும். தீவிர சிகிச்சை, குறைப்பிரசவம், உயர் இரத்த அழுத்தத்தோடு வரும் பிரீஎக்ளாம்ப்சியா எல்லாமே தொற்று கண்டவர்களிடம் கூடுதலாக இருந்தன.

இந்தியாவில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி அனுமதி 2021 ஜூலையில்தான் வந்தது, டெல்டா அலையின் உச்சம் கடந்த பிறகு. ஸ்காட்லாந்தில் அந்த ஆண்டு கொரோனாவால் தீவிர சிகிச்சைக்குப் போன கர்ப்பிணிகளில் 98 சதவீதம் பேர் தடுப்பூசி போடாதவர்கள். ஊசி போட்ட தாயின் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள்களை, வைரஸைத் தடுக்கும் அதே நஞ்சுக்கொடி தேடிப் பிடித்துக் குழந்தைக்குக் கடத்துகிறது. கடைசி மூன்று மாதங்களில் இது வேகமெடுக்கும். ஆறு மாதம் வரை குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி கிடையாது; அதுவரை அதற்குத் துணை, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்களும் தாய்ப்பாலும்தான். அதனால் தொற்று இருந்தாலும், முகக்கவசம் போட்டுக்கொண்டு தாராளமாகப் பாலூட்டலாம்.