“கருத்துச் சுதந்திரம் இருக்கிறதே சார்” என்று வருகிறவர்களுக்கு

போன வாரமும் ஒருவர் வந்தார். செய்தி நிறுவனம் ஒன்றில் கேஷுவல் வேலை. காஸா பற்றிய ஒரு வீடியோவை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்டிருக்கிறார். “அடுத்த ரோஸ்டரில் உங்கள் பெயர் இல்லை” என்று போனில் சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் முதலில் கேட்டது, “ஆஸ்திரேலியாவில் கருத்துச் சுதந்திரம் இருக்கிறதே சார், எப்படி நீக்கலாம்?”

2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு, சிட்னியில் தொழிலாளர் சட்டம் பார்க்கிற எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சலித்துவிட்டோம். படித்தவர்கள் கேட்கிறார்கள், பத்திரிகைத் துறையில் ஊறியவர்கள் கேட்கிறார்கள். ஆகவே ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவது அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை. அது கட்டுப்படுத்துவது அரசை. உங்கள் வாயை அடைக்க அரசு சட்டம் போடக் கூடாது, அவ்வளவுதான். சம்பளம் கொடுக்கிற தனியார் முதலாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சி.என்.என். தொலைக்காட்சியில் அரசியல் விமர்சகராக இருந்த மார்க் லமான்ட் ஹில் விஷயத்தைப் பாருங்கள். 2018 நவம்பர் 28 அன்று ஐ.நா.வில் பாலஸ்தீன ஆதரவு நாள் கூட்டத்தில் பேசினார். ‘ஆற்றிலிருந்து கடல் வரை’ சுதந்திரப் பாலஸ்தீனம் என்று முடித்தார். அது இஸ்ரேலையே இல்லாமல் ஆக்கச் சொல்வது என்று எதிர்ப்பு கிளம்பியது. தான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்றார் அவர். மறுநாளே சி.என்.என். அவருடைய ஒப்பந்தத்தை முறித்தது. அதே மனிதர் பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கேயும் அறங்காவலர்கள் கொதித்தார்கள், கண்டனம் எழுதினார்கள். ஆனால் தனிமனிதராக அவர் பேசியதற்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டு வேலையில் விட்டுவைத்தார்கள். அது அரசோடு இணைந்த பல்கலைக்கழகம். அவருக்கு நிரந்தரப் பதவி வேறு. பேச்சு ஒன்றுதான், முதலாளி வேறு, முடிவும் வேறு. கலிபோர்னியா, கனெடிகட் மாதிரி சில மாநிலங்களில் தனியார் ஊழியருக்கும் ஓரளவு சட்டக் காப்பு இருக்கிறது. ஆனால் அது மாநிலச் சட்டம் கொடுத்தது, முதல் திருத்தம் கொடுத்ததில்லை.

சரி, அது அமெரிக்கா. இங்கே அதுவும் கிடையாது. அரசியல் விஷயங்களைப் பேசும் சுதந்திரம் ஒன்று அரசியலமைப்பில் உட்கிடையாக இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் (ஆஸ்திரேலியாவில் அதுதான் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம்) சொல்லியிருக்கிறது. ஆனால் அது நாடாளுமன்றம் போடும் சட்டங்களுக்கு ஒரு வரம்பு மட்டுமே. தனிமனிதர் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடும் உரிமையில்லை. குடிவரவுத் துறையில் வேலை பார்த்த மிக்கேலா பானர்ஜி பெயர் போடாமல் ஆயிரக்கணக்கில் ட்வீட் போட்டு அரசின் கொள்கையைத் திட்டினார். கண்டுபிடித்து நீக்கினார்கள். 2019-இல் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. “நான் பெயர் போடவே இல்லையே” என்று சொல்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படியுங்கள்.

அப்படியானால் காப்பாற்றுவது எது? யாரும் பெருமையாக மேடையில் சொல்லாத ஒரு பிரிவு: ஆஸ்திரேலியத் தொழிலாளர் சட்டமான ஃபேர் வொர்க் சட்டத்தின் 772. அரசியல் கருத்துக்காக ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது. (351-வது பிரிவும் இதையே சொல்கிறது. ஆனால் மாநிலச் சட்டம் தடுக்காத இடத்தில் அது கைகொடுக்காது. நியூ சவுத் வேல்ஸின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் அரசியல் கருத்து என்ற தலைப்பே இல்லை, விக்டோரியாவில் இருக்கிறது. அதனால் சிட்னிக்காரர்கள் நாங்கள் 772-ஐத் தேடி ஓடுகிறோம்.)

பத்திரிகையாளர் அன்டொய்னெட் லட்டூஃப் ஜெயித்தது இந்தப் பிரிவில்தான். 2023 டிசம்பரில் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி.யின் சிட்னி வானொலியில் காலை நிகழ்ச்சியை நடத்த ஐந்தே நாள் ஒப்பந்தம். திங்கட்கிழமை முதல் நிகழ்ச்சி. இஸ்ரேல் பற்றிய அவர் கருத்துகளைச் சொல்லி அன்றைக்கே புகார் மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. செவ்வாய்க்கிழமை, காஸாவில் பட்டினி போர் ஆயுதமாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் பதிவைப் பகிர்ந்தார். அந்த அமைப்பின் அறிக்கையை ஏ.பி.சி.யே செய்தியாக வெளியிட்டிருந்தது. புதன்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் இனி வரவேண்டாம் என்றார்கள். ஐந்து நாள் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு, “நாங்கள் நீக்கவே இல்லையே” என்று வாதாடினார்கள். அந்த வாதம் 2024 ஜூனில், இந்த வழக்குகள் முதலில் போகிற ஃபேர் வொர்க் கமிஷனிலேயே அடிபட்டுப் போனது.

வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வந்தபோது உள்ளே ஓடிய மின்னஞ்சல்கள் எல்லாம் வெளியே வந்தன. அவருக்கு ஃப்ளூவோ கோவிடோ வயிற்றுக் கோளாறோ வந்துவிடக் கூடாதா என்று அப்போதைய நிறுவனத் தலைவர் ஈட்டா பட்ரோஸ் எழுதியிருந்ததை நாடே படித்தது. (மேலதிகாரிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.) ஆனால் வக்கீல்கள் நாங்கள் கோடு போட்டு வைத்துக்கொண்ட பகுதி வேறு. “எதுவும் பதியாதே” என்று அவருக்கு உத்தரவு போட்டிருந்தோம் என்றது நிர்வாகம். நீதிபதி ரங்கையா அதை ஏற்கவில்லை. சர்ச்சையானது எதையும் போடாமல் இருப்பது நல்லது என்று ஆலோசனைதான் சொல்லப்பட்டது, உத்தரவு இல்லை என்றார். 2025 ஜூனில் 70,000 டாலர் இழப்பீடு, செப்டம்பரில் மேற்கொண்டு 1,50,000 டாலர் அபராதம். ஏ.பி.சி.க்கு வழக்குச் செலவு மட்டும் 20 லட்சம் டாலருக்கு மேல். இனப் பாகுபாடு என்றும் அவர் வாதிட்டார், அது எடுபடவில்லை. பாகுபாட்டுக் காரணங்களில் நின்றது அரசியல் கருத்து ஒன்றுதான்.

ஜெர்மனியில் டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனம், யூத வெறுப்புக் குற்றச்சாட்டில் 2022-இல் அரபுப் பிரிவிலிருந்து நீக்கியவர்களில் சிலரும் தொழிலாளர் நீதிமன்றத்தில்தான் ஜெயித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ஃப்ரீலான்ஸ்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். கிரிக்கெட் எழுத்தாளர் பீட்டர் லேலர் 2025 தொடக்கத்தில் இலங்கையின் காலி நகரில் நடந்த இலங்கை–ஆஸ்திரேலியா டெஸ்ட்டுக்கு எஸ்.இ.என். வானொலிக்காக வர்ணனை செய்துகொண்டிருந்தார். காஸா பற்றி அவர் செய்த ரீட்வீட்டுகளுக்காக, முதல் டெஸ்ட் முடிந்ததும் தொடரின் நடுவிலேயே கழற்றிவிட்டார்கள். ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா அவருக்காகப் பகிரங்கமாகப் பேசினார். ஆனால் சட்டம் ஊழியருக்குக் கொடுக்கிற இந்தக் காப்பு ஃப்ரீலான்ஸருக்கு எட்டாது. ஏ.பி.என். என்கிற வணிக எண் வாங்கி இன்வாய்ஸ் அனுப்பிச் சம்பாதிக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்! யாருக்கும் இது தெரிவதில்லை.

வேலை போன எல்லோரும் தியாகிகள் என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளை மாளிகை நிருபராக அரை நூற்றாண்டு இருந்த ஹெலன் தாமஸ், யூதர்கள் பாலஸ்தீனத்தை விட்டு போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போகட்டும் என்று 2010-இல் கேமரா முன்னால் சொன்னார். ஒரு ராணுவத்தை, ஒரு பிரதமரை விமர்சிப்பது ஒன்று; ஒரு மக்களைப் பார்த்து, அவர்களைக் கொன்று குவித்த நாட்டுக்கே போ என்பது முற்றிலும் வேறு. சில நாட்களில் அவர் ஓய்வை அறிவித்தார். அவர் என்னிடம் வந்திருந்தாலும் நான் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. பி.பி.சி.யின் கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்த கேரி லினெக்கர் கதை வேறு விதம். 2025-இல் அவர் பகிர்ந்த வீடியோவில் எலிப் படம் ஒன்று இருந்தது. யூதர்களை எலியாகக் காட்டுவது நாஜிகளின் பழைய வேலை. கவனிக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டார், ஆனாலும் பி.பி.சி.யை விட்டுப் போகவேண்டியதாயிற்று. முழுசாகப் பார்க்காமல் எதையும் பகிராதீர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான்.

ஒற்றை வரியில் துயரம் தெரிவிப்பதும் ஆபத்து. 2010-இல் லெபனானின் ஷியா மதகுரு ஃபத்லல்லா இறந்தபோது, தான் மதிக்கும் ஹிஸ்புல்லாவின் பெரிய தலைவர்களில் ஒருவர் என்று ட்வீட் போட்டார் சி.என்.என். செய்தியாளர் ஆக்டேவியா நாசர். பெண்களின் உரிமை விஷயத்தில் ஃபத்லல்லா எடுத்த நிலைப்பாட்டைத்தான் மதித்தேன் என்று பிறகு நீளமாக எழுதினார். ஆனாலும் சி.என்.என்.னில் நாசரின் 20 வருட வேலை போய்விட்டது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். வேலையில் சேரும்போதே சமூக ஊடகக் கொள்கையை வாங்கிப் படியுங்கள்; “டிக்” மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். ‘கருத்துகள் என் சொந்தம்’ என்று பயோவில் எழுதினால் கவசம் என்று நினைக்கிறீர்களா? அதைக் காட்டி யாரும் தப்பித்து நான் பார்த்ததில்லை. பழைய பதிவுகளைத் தோண்ட ஆட்கள் இருக்கிறார்கள்: 2021-இல் ஏ.பி. செய்தி நிறுவனத்தில் சேர்ந்த எமிலி வைல்டரின் கல்லூரிக் காலப் பதிவுகளை மாணவர் அமைப்பு ஒன்று கிளறியது. சேர்ந்த மாதமே வேலை போயிற்று. நிறுவனம் சொன்ன காரணம், சேர்ந்த பிறகு போட்டவை விதியை மீறின என்பது.

மேலதிகாரி வாய்மொழியாக “கொஞ்சம் அடக்கி வாசி” என்றால், அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “நீங்கள் சொன்னது ஆலோசனையா, உத்தரவா?” முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பிரச்சினை வந்ததும் பதற்றத்தில் பதிவை அழித்துவிட்டு வந்து நிற்காதீர்கள். முதலில் தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். “நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டால் உங்களுக்கும் நல்லது” என்று எச்.ஆர். இனிக்க இனிக்கப் பேசினால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக ராஜினாமா செய்துவிட்டால், அது நீக்கம்தான் என்று நிரூபிப்பதிலேயே எங்கள் பாதி உயிர் போய்விடும்.

அப்புறம், ஃபேர் வொர்க் கமிஷனில் மனுப் போட நீக்கிய நாளிலிருந்து 21 நாள்தான் கெடு. சனி ஞாயிறும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் அதற்குள்தான் அடங்கும். ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு ஐந்தாவது வாரத்தில் போன் செய்தால், கால தாமதத்துக்கு அசாதாரணமான காரணம் காட்டச் சொல்வார்கள். மனம் சரியில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. கமிஷனுக்கு அது போதாது.