விடியுமுன் வாருங்கள், பறவை போனபின் கிளம்புங்கள்

ஏப்ரல் மாதத்தில் நான் அதிகம் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: “கதவைத் திறக்காதீங்க.”

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பறவை நோக்கும் பயணங்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடியும் வரை ஒரே வேலை. எட்டுப் பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, டென்வரில் தொடங்கி மலை, சமவெளி எல்லாம் சுற்றி, ஒன்பது பத்து நாளில் திரும்ப டென்வர். பார்க்கப் போவது கிரௌஸ் பறவைகளின் வசந்தகால ஆட்டத்தை. கிரௌஸ் என்பது கௌதாரிக்கும் கோழிக்கும் உறவான குளிர்நாட்டுப் பறவை. இந்தியாவில் கிடையாது. நம்மூர்க் கல்கௌதாரியை ஆங்கிலத்தில் இதே பெயர் ஒட்டி அழைத்தாலும், அது வேறு குடும்பம்.

கொஞ்ச வருடங்களாக டென்வரிலும் டாலஸிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் இந்தப் பயணத்துக்கு வருகிறார்கள். கேமரா நல்லதாக இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. ஆனால் எதற்காக இவ்வளவு கட்டுப்பாடு என்று பலருக்குத் தெரிவதில்லை. முதல் நாள் ராத்திரி விடுதி அறையில் உட்கார்ந்து நான் சொல்லும் விஷயங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிரௌஸ் சேவல்கள் ஆடுவதற்கென்றே கூடும் இடத்துக்கு லெக் என்று பெயர். ‘விளையாட்டு’ என்று பொருள்படும் ஸ்வீடிஷ் சொல் அது. நான் ஆடுகளம் என்றுதான் சொல்வேன். அங்கே தேடி வருமளவுக்குத் தீனி இல்லை, தண்ணீர் இல்லை, கூடும் இல்லை. சேஜ் என்ற வறண்ட நிலத்துப் புதர்களுக்கு நடுவே கொஞ்சம் வெட்டவெளி, அவ்வளவுதான். ஆனால் வருடம் தவறாமல் அதே இடத்துக்குத்தான் வரும். பல களங்கள் பத்தாண்டுக் கணக்கில் மாறாமல் இருக்கின்றன. பாட்டன் ஆடிய மண்ணில் பேரன் ஆடுகிறான்.

வால்டன் என்ற சிறிய ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,470 மீட்டர் உயரம். ஏப்ரலிலும் தரையில் பனி கிடக்கும். காலை ஐந்து மணிக்கு முன்பே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருவோம். ஹீட்டர் கிடையாது. நம் மூச்சே கண்ணாடியில் ஆவியாகப் படிந்து உறையும். அதை ஒரு துணியால் மெதுவாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். முதலில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. காதுக்குத்தான் கிடைக்கும். வாய் குறுகிய பானையைத் தண்ணீருக்குள் அமுக்கினால் ‘களுக், களுக்’ என்று ஒரு சத்தம் வருமே, அதே சத்தம் இருட்டுக்குள் பத்துப் பதினைந்து இடத்திலிருந்து வரும். அப்புறம் வெளுப்பாகச் சில உருண்டைகள் தரையில் நகரும். வெளிச்சம் ஏற ஏற, அவை சேவல்களின் மார்பு என்று புரியும்.

இவை சேஜ் கிரௌஸ் என்ற வகை. சேவல் பெரியது, மூன்று கிலோ வரை வரும். வாலை விரித்தால் ஒவ்வொரு இறகும் முள்ளாகத் தனித்து நிற்கும். இரண்டடி முன்னால் வைக்கும். மார்பின் விறைப்பான இறகுகள்மேல் இறக்கையை உரசும். ‘சர்ர்’ என்று ஒரு ஓசை. உடனே மார்பின் வெள்ளை விலகி, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இரண்டு தோல்பைகள் புடைத்துத் துள்ளும். அதுதான் அந்தக் ‘களுக்’. எல்லாம் சில நொடிக்குள் முடிந்துவிடும். திரும்பவும் முதலிலிருந்து. சூரியன் ஏறும்வரை இதே ஆட்டம்தான்.

ஆனால் கவனிக்க வேண்டியது பெட்டையை. தரையின் நிறமே அதற்கும். அலட்டிக்கொள்ளாமல், ஏதோ வழி தவறி வந்ததுபோல நடக்கும். இரண்டு வருடம் முன்பு, மதுரையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா எங்களோடு வந்தார். எழுபது வயதுக்கு மேல். மூன்று மணி நேரம் சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் சேவலைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் என் தோளைத் தொட்டு, “இங்க பாருப்பா, அந்தப் பெட்டை கண்டுக்காத மாதிரியே எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கு” என்று காதோடு சொன்னார். கோழி வளர்த்த கண் அது.

அவர் சொன்னது அப்படியே உண்மை. களத்தில் முப்பது சேவல் ஆடினாலும், பெரும்பாலான பெட்டைகள் ஒன்றிரண்டு சேவலைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. சேர்க்கை சில நொடிதான். பெட்டை உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுக் கிளம்பிவிடும். அதன்பின் சேவலுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. சேஜ் புதரின் அடியில் ஏழெட்டு முட்டையிட்டு, நான்கு வாரம் போல அடைகாத்து, குஞ்சுகளைக் கூட்டிப் போவது எல்லாம் பெட்டை தனியாகத்தான். அத்தனைக்கும் தொடக்கம் இந்தக் களத்தில் அது நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் சில காலைப்பொழுதுகள். நம் கதவுச் சத்தம் கெடுப்பது அதைத்தான்.

கதவைத் திறந்தால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் பக்கத்து மாநிலமான வயோமிங்கில் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்வேன். டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெயில் பேட்ரிசெல்லியின் குழு அது. (பதப்படுத்திய பெட்டையின் தோலுக்குள் எந்திரம் வைத்து, அதைச் சேவல்களுக்கு நடுவே நகரவிட்டு ஆராய்ந்தவர் அவர்.) அந்தக் குழு ஆடுகளங்களின் ஓரத்தில் ஒலிபெருக்கி வைத்து, சில களங்களில் எரிவாயுக் கிணறு தோண்டும் இரைச்சலையும், சில களங்களில் சாலையில் வண்டி போகும் சத்தத்தையும் ஒலிக்கவிட்டது. வேறு எதையும் மாற்றவில்லை. 2012ல் முடிவு வெளியானது. சத்தமில்லாத களங்களோடு ஒப்பிட்டால், கிணற்று இரைச்சல் கேட்ட களங்களுக்கு வந்த சேவல்கள் 29 சதவீதம் குறைந்தன. வண்டிச் சத்தம் கேட்ட களங்களில் 73 சதவீதம். ஒரே சீராகக் கேட்கும் இரைச்சலைவிட, விட்டுவிட்டு வரும் வண்டிச் சத்தம் இவ்வளவு மோசம். இதைப் படித்த பிறகு நான் ஓட்டும் விதமே மாறிப் போனது.

விடியுமுன் வர வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம். பறவை வரும்போதே அங்கே நிற்கும் வண்டியை அது ஒரு பாறையைப் போல எடுத்துக்கொள்ளும். பறவை வந்த பிறகு வரும் வண்டி அப்படி இல்லை.

சில வருடம் முன்பு கன்னிசன் பகுதியில் ஒரு காலை. ஆறு மணி ஆகப் போகிறது. இருபத்திரண்டு சேவல் எண்ணியிருந்தேன், மூன்று பெட்டை. பின்னால் ஒரு வண்டி முகப்பு விளக்கோடு வந்து நின்றது. இருவர் இறங்கிக் கதவைச் சாத்தினார்கள், கேமரா முக்காலியை விரித்தார்கள். சேவல்கள் மார்பை உள்ளிழுத்துத் தரையோடு ஒட்டிக்கொண்டன. அப்புறம் மொத்தமாக எழுந்து பறந்துவிட்டன. ஒன்பது மணி வரை காத்திருந்தோம். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த இடம் கன்னிசன் என்பதால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அங்கே இருப்பது கன்னிசன் சேஜ் கிரௌஸ். 2000ல்தான் தனி இனம் என்று அறிவியல் ஏற்றுக்கொண்டது. வால்டனில் ஆடும் பெரிய சேஜ் கிரௌஸைவிட உருவத்தில் சிறியது. தலையின் பின்னால் அடர்த்தியான குடுமி உண்டு, ஆடும்போது அதைத் தலைக்கு மேலே தூக்கி வீசும். உலகத்தில் சில ஆயிரம்தான் மிச்சம், அதில் பெரும்பகுதி இந்த ஒரு பள்ளத்தாக்கில். 2014ல் அமெரிக்க அரசு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

பரவலாக இருக்கும் பெரிய சேஜ் கிரௌஸின் நிலையும் நன்றாக இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2021ல் வெளியிட்ட கணக்குப்படி, 1965லிருந்து பார்த்தால் 80 சதவீதம் குறைந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க இதற்குச் சாப்பாடு சேஜ் இலைதான். அந்தப் புதர் எரிந்துபோனால் மீண்டும் வளரப் பல பத்தாண்டு ஆகும். சீட்கிராஸ் என்ற அயல்நாட்டுப் புல் சீக்கிரம் காய்ந்து தீயைப் பரப்புகிறது. உழவு, எரிவாயுக் கிணறு, வேலிக்கம்பி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. மின்கம்பம் நட்டால் கழுகு உட்கார வசதி. இதற்கெல்லாம் சுற்றுலாப் பயணி காரணமில்லை. ஆனால் இவ்வளவையும் தாங்கி மிஞ்சியிருக்கும் களத்தில்தான் நாம் போய் நிற்கிறோம்.

சரி, அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே? நான் அப்படி நினைக்கவில்லை. கிழக்குச் சமவெளியில் ரே என்ற ஊர்ப் பக்கம், பிரெய்ரி சிக்கன் எனப்படும் புல்வெளிக்கோழியைத் தனியார் மேய்ச்சல் நிலங்களில் பார்க்கப் போகிறோம். கழுத்தின் இரு பக்கமும் ஆரஞ்சு நிறப் பை உப்ப, காலியான பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல ஊம்ம்ம் என்று ஒலிக்கும். 1970களில் கொலராடோவில் இது சில நூறாகக் குறைந்திருந்தது. இப்போது பல ஆயிரம். நிலத்தை உழாமல் புல்லாக விட்டுவைக்கும் விவசாயிக்கு, 1985ல் தொடங்கிய திட்டம் ஒன்றின்படி அரசு பணம் கொடுக்கிறது. அதோடு ஏப்ரலில் வரும் பறவை ஆர்வலர் கொடுக்கும் பணமும் சேர்கிறது. ஒரு நில உரிமையாளர், வீட்டுக் கூடத்தில் எங்களுக்கு முட்டையும் ரொட்டியும் வைத்துவிட்டு, எந்தச் சேவல் எங்கே நின்றது என்று ஆசையாகக் கேட்பார். அந்தப் புல்வெளி அங்கே இருப்பதற்கு அந்த ஆசையும் ஒரு காரணம்.

இதன் நெருங்கிய உறவான சின்னப் புல்வெளிக்கோழி என்ற இனத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தென்கிழக்கு மூலையில் கோமாஞ்சி தேசியப் புல்வெளியில் ஒரு காலத்தில் பொதுமக்கள் போய்ப் பார்த்த களம் இருந்தது. எண்ணிக்கை விழுந்ததும் பார்க்க விடுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு பக்கத்து மாநிலமான கான்சாஸிலிருந்து பறவைகளைப் பிடித்துக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இப்போது அதைப் பார்க்க நாங்கள் கான்சாஸுக்கே வண்டியை விடுகிறோம்.

வருபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது சின்னச் சின்ன விஷயங்கள்தான். முதல் நாள் சாயங்காலத்துக்கு மேல் தேநீரைக் குறையுங்கள். மூன்று மூன்றரை மணி நேரம் கழிவறை கிடையாது. உரசினால் சத்தம் போடும் நைலான் மேலங்கி வேண்டாம், கம்பளியும் போர்வையும் போதும். கேமராவின் பீப் ஒலியையும், இருட்டில் குவியத்துக்காக அது விடும் சிவப்பு வெளிச்சத்தையும் அறையிலேயே அணைத்துவிடுங்கள். கைப்பேசித் திரை முகத்தில் விழுந்தால் வேன் முழுக்க வெளிச்சமாகும், அதனால் பைக்குள் போகட்டும். சொந்த வண்டியில் வருபவர்கள் இன்னும் கவனம்: சாவியை அழுத்தினால் கூவும் வண்டிகள், தானாக எரியும் முகப்பு விளக்குகள், கதவு திறந்தால் எரியும் உள்விளக்கு. வாடகைக்கு எடுத்த ஒரு வேனில் அந்த உள்விளக்கை நானே பார்க்காமல் விட்டிருக்கிறேன். பறவை அதுவரை வரவில்லை என்பதால் தப்பித்தோம். இப்போது கறுப்பு டேப் இல்லாமல் கிளம்புவதில்லை.

குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. களம் இருக்கும் இடத்தைப் படத்தோடு வெளியிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், எப்போது கிளம்புவோம் என்று கேளுங்கள். “ஏழு மணிக்குள் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்” என்பவரோடு போக வேண்டாம். பக்கத்தில் நடந்துபோய்ப் படம் எடுக்கலாம் என்று ஆசை காட்டுபவரோடு நிச்சயம் வேண்டாம்.

பிந்திக் கிளம்புவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹீத் ஹென் என்று புல்வெளிக்கோழியின் ஒரு வகை இருந்தது. கடைசியில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் மட்டும் மிஞ்சியது. 1908ல் அதற்கென்று காப்பகம் அமைத்தார்கள், எண்ணிக்கையும் ஏறியது. 1916ல் ஒரு பெருந்தீ. அதன்பின் எழவே இல்லை. 1928 முடியும்போது ஒரே ஒரு சேவல். அது வசந்தம் வந்தால் பழைய இடத்துக்கே தனியாக வந்து நின்றது. 1932 மார்ச் 11க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. களத்தில் ஒரே ஒரு சேவல் நின்றாலும் நான் வண்டியை எடுக்காததற்கு அந்தச் சேவலும் ஒரு காரணம்.

போன ஏப்ரலில் வால்டனில் எட்டு மணிக்குள் பெட்டைகள் போய்விட்டன, சேவல்களும் ஒவ்வொன்றாகப் புதருக்குள் இறங்கிவிட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. எதிரே யாரும் இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தது. வேனில் ஒரு பையன், பத்து வயது இருக்கும், அவசரமாகக் கழிவறை போக வேண்டும் என்று நெளிந்தான். “இன்னும் எவ்வளவு நேரம் அண்ணா?” என்றான். அதைக் காட்டினேன். அதன்பிறகு அவன் கேட்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு நாற்பதுக்கு அது வாலை மடக்கி, வெள்ளை மார்பைச் சுருக்கி, சாதாரணக் கோழிபோல நடந்து புதருக்குள் மறைந்தது. இன்னும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு சாவியைத் திருப்பினேன்.