சொல் விளக்கம்: கடற்கொள்ளை

ஆங்கிலத்தில் 'பைரசி' என்பதன் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. 'பெய்ராத்தேஸ்' என்றால் துணிந்து முயல்பவன், தாக்குபவன். அது லத்தீனில் 'பிராத்தா' ஆகி மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. கவனித்தால், அந்த வேரில் கடலே கிடையாது. தமிழில் நாம் எழுதும் கடற்கொள்ளை (கடல் + கொள்ளை) இடத்தையும் செயலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. செய்பவர் கடற்கொள்ளையர். புதுப்படத்தை இணையத்தில் ஏற்றுவதற்கும் பைரசி என்றுதான் பெயர். அங்கே கடலை இழுக்க வேண்டாம், திருட்டுப் பதிப்பு என்றால் போதும்.

சட்டத்தில் இதன் பொருள் இன்னும் குறுகலானது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, எந்த நாட்டின் ஆட்சிக்கும் உட்படாத கடலில், தனியார் கப்பலில் வருபவர்கள் சொந்த நோக்கத்துக்காக இன்னொரு கப்பலைத் தாக்கினால்தான் அது கடற்கொள்ளை. ஒரு நாட்டின் 12 கடல் மைல் எல்லைக்குள் நடந்தால் அதற்குப் பெயர் கப்பல் மீதான ஆயுதக் கொள்ளை. செய்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

யார் கொள்ளையர் என்பதில் அரசியலும் உண்டு. ஸ்பெயினின் கப்பல்களைச் சூறையாடிய பிரான்சிஸ் டிரேக்குக்கு இங்கிலாந்து 1581இல் 'சர்' பட்டம் கொடுத்தது. கள்ளிக்கோட்டை மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்ச்சுக்கீசியர் கொள்ளையர் என்றார்கள். அவர்களில் நான்காமவரை 1600இல் கோவாவில் கொன்றார்கள். அரசே உரிமம் கொடுத்துக் கொள்ளையடிக்க அனுப்பும் வழக்கத்தை 1856ஆம் ஆண்டின் பாரிஸ் அறிவிப்புதான் ஒழித்தது. அப்படி உரிமம் பெற்றவர்களைக் கடற்கொள்ளையர் என்றால் பொருந்தாது, 'உரிமக் கொள்ளையர்' எனலாம்.

நம் காலத்துக் கதை சோமாலியா. 1991இல் அங்கே அரசு குலைந்த பிறகு வெளிநாட்டுப் படகுகள் வந்து மீனை அள்ளின. அதைத் தடுக்க வந்த கடலோரக் காவலர்கள் நாங்கள் என்றுதான் கொள்ளையர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் 2008 வாக்கில் அது கப்பலைப் பிடித்துப் பணயத்தொகை கேட்கும் முழுநேரத் தொழிலாகிவிட்டது. சோமாலியருக்கே உணவு கொண்டுபோன ஐ.நா. கப்பல்களுக்கும் போர்க்கப்பல் துணை தேவைப்பட்டது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, கப்பல்களில் ஆயுதக் காவலர்கள் ஏறினார்கள். அபாயப் பகுதி என்று வரைந்த கோடு 2010இல் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை வரை, அதாவது இந்தியாவின் மேற்குக் கரையையும் தாண்டி வந்தது. நம் மீனவர்களுக்கு ஆபத்து கப்பல்களில் ஏறிய ஆயுதக் காவலர்கள் பக்கத்திலிருந்தும் வந்தது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில், 'என்ரிக்கா லெக்ஸி' என்ற எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். கொள்ளையர் என்று நினைத்தோம் என்பது அவர்கள் வாதம். இறந்த இருவரில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இத்தாலி 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட, 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

இந்தியாவில் இந்தக் குற்றத்துக்குத் தனிச் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது: கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம். 2024 மார்ச்சில் 'ரூயன்' கப்பலை மீட்ட இந்தியக் கடற்படை, பிடிபட்ட 35 சோமாலியரை அந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்க மும்பைக்குக் கொண்டுவந்தது.